மலை இறக்கத்துல சிவிடி
சிவிடில (கியர் படி இல்லாம புல்லி, பெல்ட்ல ஓடுற ஆட்டோமேட்டிக்) எஞ்சின் பிரேக்கிங்கே, அதாவது எஞ்சினே வண்டி வேகத்த குறைக்கறதே, கிடைக்காது, மலைப்பக்கம் போறவங்க மேனுவல்தான் வாங்கணும்னு கட்டுரையில போட்டிருக்கீங்க, இது பாதிதான் சரி. கியர் லீவர டி-லயே (டிரைவ்) விட்டுட்டு இறங்கினா ஆர்பிஎம் (எஞ்சின் சுத்துற வேகம்) கம்மியாவே நிக்கும், வண்டி உருண்டு ஓடும், பிரேக்லயே காலை வெச்சிருக்கணும். ஆனா ஹோண்டா எலிவேட் சிவிடில ஸ்டியரிங் பின்னாடி பேடில் ஷிஃப்டர் (கையாலயே கியர் மாத்துற சின்ன பட்டை) இருக்கே, இடதுபக்கம் இருக்கறத தட்டினா புல்லி ரேஷியோ மாறி ஆர்பிஎம் ஏறும், எஞ்சினே வண்டிய புடிச்சுக்கும். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவும் நான் இப்படித்தான் இறங்குறேன், பிரேக் சூடாகி வாடை அடிச்சதே இல்ல, ஏறும்போது வளைவுக்கு வளைவு கிளட்ச் மிதிக்கிற வேலையும் மிச்சம். சிவிடியோட உண்மையான குறை ஹைவேல ஓவர்டேக் பண்றப்பதான், ஆக்சிலேட்டர அமுக்கினா மொதல்ல சத்தம் வருது அப்புறம்தான் வேகம் வருது, மேல கமெண்ட்ல ஒருத்தர் இத சொல்லியிருக்காரு, அவர் சொன்னது சரி, கட்டுரையில அதப்பத்தி ஒரு வரி கூட இல்ல.