ஃப்ரிட்ஜுக்குள் ரிக் வைத்த தம்பிக்கும், அதற்குக் கைதட்டிய உங்களுக்கும்

அந்த ஃப்ரிட்ஜ் வீடியோவைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று இரவு முதல் இன்பாக்ஸில் வந்து "அங்கிள், பொறாமையா?" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன். பார்க்காதவர்களுக்கு ஒரே வரி: கணக்குப் போட்டு கிரிப்டோ காயின் சம்பாதிக்கும் வேலைக்கு மைனிங் என்று பெயர், அதற்காக கிராபிக்ஸ் கார்டுகளை அடுக்கிக் கட்டும் கணினிதான் ரிக், அது சூடாகாமல் இருக்க ஒரு தம்பி அதை ஃப்ரிட்ஜுக்குள் வைத்து ஓட்டிக் காட்டினார். அந்தத் தம்பியின் பெயரையும் இழுக்கப்போவதில்லை. வயது குறைவு, ஆர்வம் அதிகம், அதில் ஒரு தப்பும் இல்லை. என் கோபமெல்லாம் "தமிழன் மூளை" என்று கீழே எழுதி வரிசையாக நெருப்புப் படம் ஒட்டியவர்கள் மேல்தான். விவரம் தெரியாமலே பொருத்தமான படத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

நான் அந்த வீடியோவின் கீழே எழுதியது இரண்டே வரி. ரைசருக்கு, அதாவது கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி மாட்ட உதவும் இணைப்புப் பலகைக்கு, ஹார்ட் டிஸ்குக்கென்று இருக்கும் சாட்டா கனெக்டரிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள் என்பது ஒன்று. ஃப்ரிட்ஜ் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்பது இன்னொன்று. இதற்குத்தான் "ரிட்டயர்டு வாத்தியார் வந்துவிட்டார், பிரம்பை எடுத்து ஒளித்து வையுங்கள்" என்றார்கள். முந்நூறு பேர் சிரித்திருக்கிறார்கள். நான் வாத்தியாரும் இல்லை, ரிட்டயர்டு ஆகவும் இல்லை. அது போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கிராபிக்ஸ் கார்டு எந்தச் சக்கரத்தையும் சுற்றுவதில்லை, எந்தத் தண்ணீரையும் இறைப்பதில்லை. கணக்குப் போடுகிறது. போட்டு முடித்ததும் அந்த மின்சாரம் எங்கேயும் சேமிக்கப்படுவதில்லை. 600 வாட் உள்ளே போனால் 600 வாட் சூடு வெளியே வரும். ஒரு வாட் கூடக் குறையாது. உள்ளே போன கரண்ட் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். இதை நான் இன்னும் பத்து முறை சொல்லத் தயார்.

அப்படியானால் ரிக்கைக் குளிர்விப்பது என்பது எங்கிருந்தோ குளிரைக் கொண்டுவருவதாக இருக்க முடியாது. அந்தச் சூட்டை அறையைவிட்டு வெளியே தள்ளுவது மட்டும்தான் வேலை. ஃப்ரிட்ஜ் என்ன செய்கிறது? உள்ளே இருக்கும் சூட்டைப் பின்பக்கக் கம்பிகள் வழியாக அதே அறையில் கொட்டுகிறது. தன் கம்ப்ரசர் தின்ற கரண்டையும் சூடாக்கிக் கூடவே கொட்டுகிறது. அதுவும் பால் பாக்கெட்டையும் நேற்றைய குழம்பையும் மெல்ல மெல்லக் குளிர்விப்பதற்காகச் செய்த கம்ப்ரசர். அதற்குள் நான்கு கார்டுகளை இடைவிடாமல் ஓடவிட்டால் அது நிற்காமல் ஓடும், தோற்றுக்கொண்டே ஓடும். "ஆனால் வீடியோவில் 48 டிகிரிதானே காட்டியது?" என்று கேட்கிறீர்கள். காட்டத்தான் செய்யும். பத்து நிமிட வீடியோ. முன்கூட்டியே குளிர்ந்திருந்த சுவர்களும் தட்டுகளும் அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்கிவிட்டன. பத்து மணி நேரம் கழித்து ஒரு வீடியோ போடச் சொல்லுங்கள். நடுவில் ஒருமுறை கதவைத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே குளிர்ந்திருக்கும் பாகங்களில் துளித்துளியாகப் படியும். அதையும் சேர்த்தே படம் எடுக்கட்டும்.

அடுத்து அந்தச் சாட்டா விவகாரம். இது எனக்குக் குளிர்ச்சியைவிட முக்கியம். சாட்டா மின் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர். மொத்தம் 54 வாட். ரைசரில் கார்டு செருகும் ஸ்லாட்டிலிருந்து 12 வோல்ட்டில் மட்டும் 66 வாட் வரை இழுக்க விதியே அனுமதிக்கிறது. 54 தாங்கும் இடத்தில் 66. இது பெரிய இயற்பியல் இல்லை, கூட்டல் கழித்தல். எல்லாக் கார்டும் எப்போதும் அவ்வளவு இழுக்காது, உண்மைதான். இழுக்கிற கார்டு ஒன்று சிக்கினால் அந்தக் கனெக்டர் நள்ளிரவில் உருகும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் உருகியது. ஸ்கிரீன் துணிக்கு ஒரு சாண் தூரத்தில். நல்லவேளையாக அந்த வீட்டுப் பெரியவருக்கு இரவில் தூக்கம் வராது.

இதைத்தான் சொன்னேன். பொறாமையாம்.

"நீங்கள் என்ன செய்து கிழித்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பதில் சொல்கிறேன். 2021 ஊரடங்கில், மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறையில், அக்கா மகனும் நானும் ஒரு ரிக் கட்டினோம். பழைய ஆர்எக்ஸ் 580 கார்டுகள், 8 ஜிபி மெமரி. 4 ஜிபி கார்டுகளைப் பாதி விலைக்குத் தர ஆள் இருந்தது. ஆனால் ஈத்தர் என்ற காயினை எடுக்கக் கார்டின் மெமரியில் ஏற்ற வேண்டிய டாக் கோப்பு 2020 இறுதியிலேயே 4 ஜிபியைத் தாண்டிவிட்டதால் அவை ஈத்தருக்கு உதவாதவை. அது தெரியாத பையன்கள் தலையில்தான் அவற்றைக் கட்டினார்கள். கார்டுகளை மாட்டும் சட்டகத்துக்குக் காசு செலவழிக்கவில்லை. பழைய ஆங்கிள் ரேக்கை அறுத்து, கார்டுக்கும் கார்டுக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு மாட்டினோம். மலிவு வேண்டுமென்றால் இங்கே காட்டலாம். மரப்பலகை, பால் கிரேட், எதுவும் போதும். வெளிநாட்டில் பிட்காயினின் ஆரம்ப காலத்திலேயே பால் கிரேட்டில் கார்டுகளை அடுக்கி ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), ஒயர், கனெக்டர் மூன்றிலும் மலிவு பார்க்கக் கூடாது.

கடைக்காரர் ஒருவர் ஒரு டன் ஏசி இல்லாமல் முடியவே முடியாது என்றார். நாங்கள் வாங்கவில்லை. முதலில் சூட்டைப் பிறக்கும் இடத்திலேயே குறைத்தோம். ஈத்தருக்கான கணக்கில் மெமரியின் வேகம்தான் பெரிது, சிப்பின் வேகம் அவ்வளவு இல்லை. அதனால் சிப்பின் வோல்ட்டேஜையும் வேகத்தையும் இறக்கினோம். 185 வாட் என்று அட்டையில் போட்டிருந்த கார்டு 120க்குள் அடங்கியது, ஹேஷ், அதாவது நொடிக்குப் போடும் கணக்கு, ஏறத்தாழ 30 மெகாவிலேயே (மூன்று கோடி) நின்றது. பிறகு அறையை பிளைவுட் தடுப்பு வைத்து இரண்டாக்கினோம். நிழல் விழும் பக்கத்து ஜன்னலிலிருந்து காற்று வந்து கார்டுகளின் ஊடாகப் போய், எதிர்ச்சுவரில் பொருத்திய எக்ஸாஸ்ட் ஃபேன் வழியாக வெளியேற வேண்டும். சூடான காற்று திரும்ப முன்பக்கம் வர வழியே கிடையாது. 1000 வாட் சூட்டை, காற்று 10 டிகிரி மட்டும் கூடுகிறபடி வெளியேற்ற மணிக்கு ஏறத்தாழ 300 கனமீட்டர் காற்று போதும். சமையலறையில் மாட்டுகிற எக்ஸாஸ்ட் ஃபேனே போதும். மே மாதத்தில் வெளியே 40 டிகிரி அடித்தபோதும் கார்டுகள் எழுபதுகளில் நின்றன. அந்தக் கார்டுக்கு எழுபது ஒரு பிரச்சினையே இல்லை. மழைக்காலத்தில் அம்மா அந்தச் சூடான காற்றுக்கு நேரே கொடி கட்டித் துணி காயப்போட்டார். அந்த ரிக்கால் நிச்சயமாகக் கிடைத்த லாபம் அதுதான் என்று இன்றும் சொல்வார்.

"ஏசி போட்டால் முடிந்தது, எதற்கு இவ்வளவு?" என்பவர்களுக்கு: ஏசியும் அதே சூட்டைத்தான் வெளியே தள்ளும், அதற்குத் தனியாகக் கரண்ட் கேட்கும். 600 வாட் ரிக் ஒரு நாளைக்கு 14 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத பில்லில் 860 யூனிட்டைத் தாண்டும். வீட்டு இணைப்பில் 500 தாண்டினால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டில் பில் கட்டுபவரைக் கேளுங்கள். இதன்மேல் ஏசி. "மின்சாரத்தை வீணடிக்கும் நீங்கள் பேசலாமா?" என்று சூழலியல் நண்பர் ஒருவர். கல்யாண மண்டப சீரியல் லைட்டுக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துப் போட்டவர் அவர். வேறு பதில் இல்லை.

இன்னொரு கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தரே மைனிங்கைக் கைவிட்டுவிட்டது, இப்போது ரிக் எதற்கு? எதற்கு என்றுதான் நானும் கேட்கிறேன். அன்றைக்கு உலகம் முழுக்க ஓடிய கார்டுகள் பழைய சந்தையில் கொட்டின. அவற்றோடு அந்த ரைசர்களும், அந்தச் சாட்டா ஒயர்களும் கொட்டின. சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஃபேன் தேய்ந்த கார்டைத் துடைத்து, "கேமிங் மட்டும்தான் சார், ஒரு கை பயன்படுத்தியது" என்று விற்றார்கள். இன்று வேறு ஏதோ காயின் பெயரைச் சொல்லி, வீட்டில் கரண்ட் பில் கட்டாத வயதுப் பிள்ளைகளிடம் அதே சாமானைத் தள்ளுகிறார்கள். கிடைக்கிற காயினை விற்றால் லாபத்துக்கு 30 சதவீத வரி. அதில் கரண்ட் பில்லைக் கழிக்க முடியாது. மைனிங்குக்கான உள்கட்டமைப்புச் செலவையும் கொள்முதல் விலையாக ஏற்க முடியாது என்று 2022இல் நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் அந்த வீடியோவில் யாரும் சொல்லவில்லை. "பாசிவ் இன்கம்" என்று மட்டும் கொட்டை எழுத்தில் வந்தது.

பயமுறுத்துகிறேன் என்கிறீர்கள். கையால் கட்டிப் பார்ப்பதை நான் தடுக்கவே இல்லை. பத்து ரூபாய் வராவிட்டாலும் கட்டிப் பாருங்கள், காற்று எப்படி ஓடுகிறது என்று ஊதுபத்திப் புகையை விட்டுப் பாருங்கள். கல்லூரியில் வராத தெர்மோடைனமிக்ஸ் அந்தப் புகையில் வந்துவிடும். அக்கா மகனுக்கு வந்தது. குளிர்விக்க ரிக்கை எண்ணெயில் முக்குகிறேன் என்றால்கூடச் சரி, எண்ணெயில் ஊறிய ஒயரின் பிளாஸ்டிக் விறைத்துப்போகும், எண்ணெயையும் பிறகு யாராவது குளிர்விக்க வேண்டும் என்பது தெரிந்து முக்குங்கள். சூடு எங்கே போகும் என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எதை வேண்டுமானாலும் கட்டுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்டவனை அங்கிள் என்கிறீர்கள்.

உண்மையில் அதுவும் வலிக்கவில்லை. "பிரம்பை ஒளித்து வையுங்கள்" என்ற வரிக்குச் சிரித்தவர்களில் இருவர் எங்கள் மாடிக்கு வந்தவர்கள். அந்த பிளைவுட் தடுப்பை அளவெடுத்துக்கொண்டு, அம்மா போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள். அவர்கள் ரிக் இன்றும் எரியாமல் ஓடுகிறது. ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதினால் அந்த முந்நூறு பேரின் சிரிப்பில் பங்கு கிடைக்காதே.

அந்தத் தம்பி இதைப் படித்தால்: சாட்டாவுக்குப் பதில் ஆறு முனை கனெக்டரில் மின்சாரம் எடுக்கும் ரைசரும் அதற்கான கேபிளும் என்னிடம் மீதி இருக்கின்றன. காசு வேண்டாம். ஆனால் உங்கள் எஸ்எம்பிஎஸ் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று முதலில் எழுதுங்கள். ஒரு கம்பெனியின் கேபிளை இன்னொன்றில் மாட்டினால் முனைகள் மாறிப்போய்க் கார்டே போய்விடும். கைதட்டியவர்களுக்குக் கேபிள் கிடையாது.