கிரானைட் போடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ

கல்லறைத் திருநாள் நெருங்கினால் எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் கிரானைட் கடைக்காரர்களுக்குக் கை ஓயாது. துபாயில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவார்கள். கொத்தனார் வந்து தாத்தாவின் பழைய கல்லைப் பெயர்த்துவிட்டு, கறுப்பு கிரானைட்டில் தங்க எழுத்தோடு புதுசு வைப்பார். பாசத்தில் செய்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பெயர்த்த கல் எங்கே போகிறது? எங்கள் கல்லறைத் தோட்டத்துக் குழாயடியில் ஒன்று துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கிறது. "கர்த்தருக்குள் நித்தி" வரை தெரிகிறது. மீதி உடைந்துவிட்டது.

குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு அந்தப் பழைய கல்தான் சாட்சி. புதுக் கல்லில் பேரனின் ஞாபகத்தில் இருப்பது மட்டும்தான் ஏறும். எது பழசு, எது மாற்றி வைத்தது என்பதை எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். சீர்திருத்த எழுத்துக்கு அரசாணை வந்தது 1978-ல். இறந்த வருஷம் 1902 என்று போட்டு, 'லை'யும் 'னை'யும் இன்றைய வடிவத்தில் இருந்தால் அது பெரும்பாலும் பிறகு வைத்த கல். முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய 'லை' இருந்தால் கொஞ்சம் நம்பலாம். கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு (மலையாள வருஷம்) போட்டிருந்தால் 824 அல்லது 825 கூட்டிக்கொள்ளுங்கள், ஆங்கில வருஷம் கிடைக்கும்.

பெரிய தலைவலி இனிஷியல்தான். தேவசகாயம், ஞானமுத்து, வேதமாணிக்கம் என்று ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர். முன்னால் நிற்கும் ஓர் எழுத்துதான் அப்பாவைப் பற்றிய ஒரே துப்பு. பெண்களுக்கு அதுவும் இல்லை. என் பூட்டி கல்லில் "உபதேசியார் பாரியாள்", அதாவது சபை ஊழியரின் மனைவி, என்று மட்டும் இருந்தது. நாற்பது வருஷம் ஓலைப்பெட்டி முடைந்து குடும்பம் காத்தவளுக்குச் சொந்தப் பெயர் போட இடமில்லையாம்! கடைசியில் சேகரத்தின் (ஒரு குருவின் கீழ் உள்ள சபைகளின்) திருமணப் பதிவேட்டில்தான் பெயர் கிடைத்தது. கல்லையும் பதிவேட்டையும் சேர்த்துப் படித்தால்தான் வழி திறக்கும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பாருங்கள். பெரியவர்களாகி ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பழைய பெயரும் எழுதியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. நம் பக்கத்து முதல் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவக் குடியிருப்பான முதலூரே 1799-ல்தான் உருவானது. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-78-ல், கூட்டம் கூட்டமாகச் சபையில் சேர்ந்தார்கள், கூட்டம் கூட்டமாகச் செத்தும் போனார்கள். அவர்களுக்கு யார் கல் வைத்தது? மண்மேடும் ஒரு மரச் சிலுவையும்தான், அதுவும் இரண்டு மழைக்கு. கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் கற்களை மட்டும் எண்ணினால் ஊரில் உபதேசியாரும் வாத்தியாரும் நிலக்காரரும் மட்டுமே வாழ்ந்தது போலத் தோன்றும். பிஷப் கால்டுவெல் எங்கே அடக்கமானார் என்று கேட்டால் இடையன்குடி கோயிலுக்குள் (தேவாலயத்துக்குள்) என்று எல்லோரும் சொல்வோம். 1847-லிருந்து 1880 வரை அந்தக் கோயிலுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் எங்கே படுத்திருக்கிறார்கள்?

வெள்ளைக்காரன் தன் ஆட்களை மறக்கவில்லை. ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி மதராஸ் மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார், அது 1905-லேயே அரசு அச்சகத்தில் புத்தகமாக வந்துவிட்டது. பெரும்பாலும் ஐரோப்பியர் கல்லறைகள். நம் ஆச்சிகளுக்கு இன்றுவரை அப்படி ஒரு நோட்டு கிடையாது. சபைக்குச் சபை வாலிபர் ஐக்கியம் இருக்கிறது, ஆளுக்கொரு போன் இருக்கிறது. கோயிலுக்கு டைல்ஸ் மாற்றக் கமிட்டி போடுகிறவர்கள் பழைய கற்களைப் படம் எடுத்து எழுதி வைக்கவும் நாலு பேரை ஒதுக்கக் கூடாதா?

செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயம். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலையிலோ சாயங்காலமோ போங்கள், அல்லது போன் டார்ச்சைக் கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள், குழி விழுந்த எழுத்தில் நிழல் விழும். வருஷாவருஷம் அடித்த சுண்ணாம்பு எழுத்தை மூடியிருக்கும். தண்ணீர் தெளித்து மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கம்பி பிரஷ், ஆசிட் பக்கமே போகாதீர்கள். பக்கத்துக் கல்லையும் படம் எடுங்கள், சொந்தக்காரர்களைப் பெரும்பாலும் பக்கத்தில்தான் புதைத்திருப்பார்கள். அப்புறம், பதிவேடு பார்க்க வேண்டுமென்றால் சேகர குருவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு போய் நின்றால் அவர் அடுத்த சபைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்.