நண்டு கம்பெனியில வேலை கொறஞ்சதுக்கு யார்கிட்ட போயி கேக்குறது

எங்க சித்தி ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்துல ஒரு நண்டு கம்பெனியில சதை எடுக்குற வேலைக்குப் போறாக. இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. அவிச்ச நண்டு தட்டுல வந்துரும், ஓட்டைப் பிரிச்சு கத்தி முனையால சதை ஒடையாம எடுக்கணும், முழுசா வர்ற பெரிய சதை ஒரு டப்பாவுக்கு, ஒடஞ்சது ஒரு டப்பாவுக்கு, கால் சதை தனி. கிலோ கணக்குலதான் கூலி, விரல் நுனியெல்லாம் கீறல். அந்த டப்பா பெரும்பாலும் அமெரிக்காவுக்குத்தான் போகுதுனு எங்க பக்கத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

2025 ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்கா நம்ம சரக்குக்கு 25 சதவீதம் வரி போட்டுச்சு, அப்புறம் ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குறோம்னு சொல்லி 27ஆம் தேதி இன்னொரு 25, ஆக மொத்தம் 50. அதுக்கு அடுத்த வாரத்துல இருந்து சித்திக்கு ஆறு நாள் இருந்த வேலை மூணு நாளா ஆயிருச்சு. நண்டு வலை போடுற எங்க மாமாவுக்கு ஏஜென்ட் கிலோவுக்கு வெலையைக் கொறைச்சுட்டாரு, கேட்டா கம்பெனி எடுக்க மாட்டேங்குது நான் என்ன செய்யனு சொல்றாரு, கம்பெனியில கேட்டா வரினு சொல்றாக. ரஷ்யா எண்ணெய்க்கும் நான் போடுற நண்டு வலைக்கும் என்னத்தா சம்பந்தம்னு மாமா என்கிட்ட கேட்டாரு. காலேஜ் படிச்சவ நான், எனக்கே சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆச்சு.

அந்தப் பொம்பளைங்க நாப்பது பேரு சேந்து மனு நாள்ல மனு குடுக்கப் போனாக. டைப் அடிச்சுக் குடுத்தது நான்தான், கூடவும் போனேன். அதிகாரி பொறுமையாதான் படிச்சாரு, அவர் மேல எனக்கு வருத்தம் இல்ல. படிச்சுட்டு "இது எங்க கையில இல்லையேம்மா, டெல்லி விவகாரமாச்சே"ன்னாரு. சித்தி திரும்பி வர்றப்ப பஸ்ல கேட்டாக, அப்போ நாம டெல்லிக்குத்தான் போகணுமா, இவுகளுக்கு எதுக்குத்தான் ஓட்டுப் போட்டோம்னு. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, அதுல இருந்துதான் இதைப் படிக்க ஆரம்பிச்சேன். நீளமாத்தான் இருக்கும், நம்ம கடற்கரை ஆளுங்க கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படிங்க.

அரசியலமைப்புச் சட்டத்துல ஏழாவது அட்டவணைனு ஒன்னு இருக்கு, எந்த வேலை யாரோடதுனு பிரிச்சு வச்ச பட்டியல். மீன்பிடி மாநிலப் பட்டியல்ல 21ஆவதா இருக்கு, விவசாயம் 14ஆவதா இருக்கு. வெளிநாட்டு வியாபாரம், ஏத்துமதி எறக்குமதி எல்லாம் மத்தியப் பட்டியல்ல 41. வெளிநாட்டோட ஒப்பந்தம் போடுறது அதே பட்டியல்ல 14. கரையில இருந்து 12 கடல் மைலுக்கு அப்பால மீன் புடிக்கிறதும் மத்திய அரசுதான், அது 57. போதாததுக்கு 253ஆம் பிரிவுனு ஒன்னு, வெளிநாட்டு ஒப்பந்தத்தை நிறைவேத்துறதுக்குன்னா மாநிலப் பட்டியல்ல இருக்குற விசயத்துலயும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம், மாநிலத்துகிட்ட கேக்கணும்னு கட்டாயம் கிடையாது. சுருக்கமா சொன்னா நண்டு வலையில கெடக்குற வரைக்கும் மாநிலத்து நண்டு, டப்பாவுல அடைச்சு கப்பல் ஏறுனா டெல்லி நண்டு. ஆனா அந்த நண்டால பொழைக்கிற சித்தியும் மாமாவும் ரேஷன் கார்டோட நிக்கிறது மாநிலத்து வாசல்லதான்.

வெளிநாட்டு வியாபாரமே வேணாம்னு சொல்ற ஆள் இல்ல நான். எங்க அம்மாச்சி சொல்வாக, அவுக காலத்துல வலையில நண்டு ஏறுனா வலை கிழிஞ்சுருச்சேனு வெசனப்பட்டு தூக்கிப் போட்ருவாகளாம். அதுக்கு வெலை வந்ததே ஏத்துமதியாலதான், சித்தி வீட்டுக்கு காங்கிரீட் போட்டதும் அந்தக் காசுதான். அம்மாச்சியோட அப்பா தனுஷ்கோடியில இருந்து சிலோனுக்குக் கருவாடு அனுப்புனவரு, 1964 புயல் அடிக்கிற வரைக்கும் அங்க கஸ்டம்ஸ் ஆபீஸ், தலைமன்னாருக்குக் கப்பல் எல்லாம் இருந்துச்சே. கடல் கடந்து விக்கிறது எங்களுக்குப் புதுசு இல்ல. எந்த நாட்டுக்கு, எந்த நிபந்தனையில, யாரு அடி வாங்குறதுனு முடிவு பண்ணுற எடத்துல எங்க மாநிலத்துக்கு ஒரு நாற்காலி கூட இல்லையேங்கிறதுதான் என் ஆதங்கம்.

இறாலை எடுத்துக்கங்க. 1989ல அமெரிக்காவுல ஒரு சட்டம் வந்துச்சு, 609ஆம் பிரிவும்பாக. கடலாமை தப்பிச்சு வெளிய போற மாதிரி வலையில அமைப்பு வைக்காத நாட்டுல இருந்து, கடல்ல புடிச்ச இறாலை வாங்க மாட்டோம்னு. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலு நாடும் ஜெனிவாவுல இருக்குற உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டுச்சு. 1998ல தீர்ப்பு, அமெரிக்கா அதை அமல்படுத்துன விதம் பாரபட்சமா இருக்குன்னாக, ஆனா ஆமையைக் காப்பாத்த இப்படி ஒரு சட்டம் இருக்குறது தப்புனு சொல்லல. இழுத்துக்கிட்டே போயி 2019ல இருந்து நம்ம கடல் இறாலை அமெரிக்கா எடுக்குறது இல்ல, பண்ணையில வளக்குற இறால்தான் போகுது. ராமேஸ்வரத்துலயும் பாம்பன்லயும் விசைப்படகு வச்சிருக்குற எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? வெலை கொறைஞ்சா உள்ளூர் வியாபாரிங்க சிண்டிகேட் போட்டுட்டாகனு ஸ்ட்ரைக் பண்ணுவோம், சில நேரம் அது உண்மையாவும் இருக்கும், ஆனா மேல ஒரு பெரிய கதவு சாத்தியிருக்குறது நம்ம கண்ணுல படாது.

இப்ப அந்தக் கதவைத் தொறக்கணும்னா வலை ஒவ்வொன்னுலயும் ஆமை தப்பிக்கிற கருவி மாட்டணும். கருவிக்கு ஆகுற காசுல மத்திய அரசு 60, மாநிலம் 40 பங்கு. மாட்டிருக்காகளானு படகு படகா ஏறிப் பாக்க வேண்டியது மாநில மீன்வளத்துறை, ஏன்னா 12 மைலுக்குள்ள விதி போடுறதும் புடிக்கிறதும் தமிழ்நாட்டோட 1983ஆம் வருசச் சட்டத்துலதான் நடக்கணும். ஆமையோட சேந்து மீனும் போயிரும்னு படகுக்காரவுக கோவப்பட்டா அந்தக் கோவத்துக்கு முன்னாடி நிக்கப்போறதும் இங்க இருக்குற சார்ஆய்வாளரும் உதவி இயக்குநரும்தான். ஆமை சாகக்கூடாதுனுதான் நானும் சொல்றேன், மன்னார் வளைகுடா எங்களுக்கு சோறு போடுற கடலு. ஆனா வாஷிங்டன்ல போட்ட சட்டம், ஜெனிவாவுல நடந்த கேஸ், டெல்லியில நடக்குற பேச்சுவார்த்தை, கடைசியில பாம்பன் பாலத்துக்குக் கீழ கையெழுத்து வாங்குற வேலை மட்டும் மாநிலத்துக்குனா அது என்ன நியாயம்.

இதை விடப் பெருசு ஒன்னு வந்துக்கிட்டு இருக்கு, அதைப் பத்தி எங்க பக்கத்துல பேச்சே இல்ல. மீன்பிடி மானியம் பத்தி உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூன்ல ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு, 2025 செப்டம்பர் 15ல அது அமலுக்கு வந்துருச்சு. கள்ளத்தனமா மீன் புடிக்கிறவுகளுக்கும், ஏற்கனவே அழிஞ்சுக்கிட்டு இருக்குற மீனைப் புடிக்கிறதுக்கும் அரசு மானியம் குடுக்கக்கூடாதுங்கிறது அதோட சாரம், அதுல எனக்கு எதிர்ப்பு இல்ல. ஆனா அதுல முடியாம மிச்சம் வச்ச பேச்சு இருக்கே, படகு கட்ட, டீசல் போட குடுக்குற மானியம் அளவுக்கு மீறி மீன் புடிக்க வைக்குதுனு அதையும் கட்டுப்படுத்தணும்ங்குறது, அதுதான் நம்ம வயித்துல கை வைக்கிற எடம். இந்தியா எங்களுக்கு 25 வருசம் அவகாசம் வேணும்னு கேட்டுச்சு. சரி, அந்த மானியத்தை இங்க குடுக்குறது யாரு? விசைப்படகுக்கு வருசத்துக்கு 19,000 லிட்டர், எஞ்சின் வச்ச நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர் வரியில்லாத டீசல் குடுக்குறது தமிழ்நாடு அரசு, வர வேண்டிய வாட் வரியை அதுதான் விட்டுக்குடுக்குது. ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலத்துக்கு குடும்பத்துக்கு 8,000 ரூபா குடுக்குறதும் மாநிலம்தான். 2017ல ஆழ்கடல் மீன்பிடித் திட்டம்னு கொண்டாந்தாகளே, 80 லட்ச ரூபா படகு, அதுல மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20. பாக் ஜலசந்தியில இழுவை மடியை விட்டுட்டு ஆழ்கடலுக்குப் போங்க, சிங்கள நேவிகிட்ட மாட்டாதீங்கனுதான் அந்தப் படகே. ஜெனிவாவுல உக்காந்து பாக்குறவனுக்கு அது படகு கட்ட குடுத்த மானியம், அம்புட்டுதான் தெரியும். இது ஏன் வந்துச்சுனு எடுத்துச் சொல்ல எங்க மீன்வளத்துறையில இருந்து ஒரு ஆளு அந்த மேசையில இருக்கணுமா வேணாமா?

இன்னொன்னையும் சொல்லணும். மாநில அரசு குடுக்குற சலுகையும் உலக வர்த்தக விதிப்படி இந்தியா குடுத்த மானியமாத்தான் கணக்காகும், அதைக் காட்டி எறக்குமதி பண்ற நாடு எதிர்வரி போடலாம். இறால் மேல அமெரிக்கா 2024 கடைசியில அப்படி ஒரு எதிர்வரி போட்டுச்சு, அதுக்கு முன்னாடியே 2005ல இருந்து பொருள்குவிப்பு தடுப்பு வரி வேற இருக்கு, அதாவது ரொம்பக் கொறைஞ்ச வெலைக்கு வித்துக் குவிக்கிறாகனு சொல்லிப் போடுற வரி, அதெல்லாம் அந்த 50க்கு மேல போட்டது. கடமைனு வர்றப்ப மட்டும் மாநிலமும் இந்தியாதான், பேசுற எடத்துல மாநிலம் வெளியாள்.

காசு விசயத்துக்கு வருவோம், அங்கதான் எனக்கு ரொம்பக் கோவம் வருது. ஏத்துமதிக்கு ஜிஎஸ்டி கிடையாது, வழியில கட்டுனதும் ரீஃபண்டா திரும்பப் போயிரும். அது சரிதான், வரியையும் ஏத்துமதி பண்ண முடியாது. எறக்குமதிக்கு வாங்குற சுங்க வரி மத்திய அரசுக்கு. அதுல மாநிலங்களுக்கு 15ஆவது நிதிக்குழு 2021-26க்குச் சொன்னபடி பகிர வேண்டியது 41 சதவீதம், அந்த 41ல தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம்னு இருந்துச்சு. அந்தச் சுங்க வரியிலயே செஸ், சர்சார்ஜ்னு பேரு வச்சு வாங்குறது பங்கு போடுற கணக்குலயே வராது. மூக்கையூர் மீன்பிடித் துறைமுகத்தைப் பராமரிக்கணும், ரோடு போடணும், தண்ணி கரண்டு குடுக்கணும், வேலை போனா நிவாரணம் குடுக்கணும். வரவு அங்க, செலவு இங்க.

2025 ஆகஸ்ட்ல முதலமைச்சர் பிரதமருக்கு எழுதுன லெட்டர்ல ஒரு கணக்கு இருந்துச்சு, இந்தியாவோட சரக்கு ஏத்துமதியில அமெரிக்காவுக்குப் போறது 20 சதவீதம், தமிழ்நாட்டு ஏத்துமதியில 31 சதவீதம்னு. அதாவது ஒரே வரி, ஆனா அடி எல்லாருக்கும் ஒரே அடி இல்ல. இவ்வளவு பெரிய சேதத்துக்கு ஒரு மாநில அரசால செய்ய முடிஞ்சது லெட்டர் எழுதுறதுதான்னு நெனக்கிறப்ப மனசு கஷ்டமா இருக்கு, எந்தக் கட்சி ஆட்சியில இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். கச்சத்தீவு 1974ல இலங்கைக்குப் போனப்பவும் இதேதான், அதைப் பத்தி எழுதுனா இந்தப் பதிவு முடியாது.

கடல் அட்டைனு கடலடியில ஊருற உயிரு, அதையும் விட முடியல. 2001ல மத்திய அரசு தடை போட்டுச்சு. அதுக்கு முந்துன நாள் வரைக்கும் அட்டை எடுத்து அவிச்சு காய வச்சு சிங்கப்பூர் பக்கம் அனுப்பிக்கிட்டு இருந்தவுக மறுநாள் குத்தவாளி. இந்தப் பக்கம் தடை, இலங்கையில அதே அட்டையைப் பண்ணை வச்சு வளக்குறாக. அந்த வெல வித்தியாசம் எங்க பயலுகளைக் கடத்தலுக்கு இழுக்குது, புடிக்க ராத்திரி ரோந்து போறதுல மாநிலப் போலீசும் உண்டு. பொழப்புப் போனவுகளுக்கு மாத்து வேலை தேடிக் குடுங்கனு எல்லாரும் கேக்குறதும் மாநிலத்தைத்தான்.

வேற நாட்டுல இதெல்லாம் எப்படினு தேடுனப்ப ஒன்னு படிச்சு அசந்துட்டேன். பெல்ஜியத்துல வலோனியானு ஒரு பகுதி, நம்ம மாநிலம் மாதிரி, ஜனத்தொகை சுமார் 36 லட்சம்தான். 2016 அக்டோபர்ல ஐரோப்பிய யூனியன் கனடாவோட பெரிய வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்துப் போட தயாரா நிக்குது, வலோனியா சட்டசபை எங்க விவசாயிக்குப் பாதுகாப்பு இல்ல, ஒத்துக்க மாட்டோம்னுருச்சு. மொத்த ஐரோப்பாவும் காத்துக் கெடந்து, கூடுதல் விளக்கம் எழுதிக் குடுத்த பிறகுதான் அந்த மாசம் 30ஆம் தேதி கையெழுத்து ஆச்சு. அந்தப் பக்கம் கனடாவும் தன்னோட மாகாணங்களைப் பேச்சுவார்த்தையில கூட வச்சுக்கிட்டுதான் பேசுச்சு. இங்க 2009ல ஆசியான்னு சொல்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளோட கூட்டமைப்புகூட ஒப்பந்தம் போட்டப்ப ரப்பர், மிளகு எல்லாம் போச்சேனு கேரளா மனிதச் சங்கிலி வரைக்கும் போயி நின்னுச்சு, 2010 ஜனவரியில அது பாட்டுக்கு அமலுக்கு வந்துருச்சு. வலோனியா மாதிரி மொத்தமா நிறுத்துற அதிகாரம் ஒரு மாநிலத்துக்கு வேணும்னு நான் கேக்கல, நம்மளது பெரிய நாடு, அது நடைமுறைக்கு ஒத்து வராது. ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எந்த மாவட்டத்துல எந்தத் தொழில் அடி வாங்கும்னு மாநிலத்துகிட்ட எழுத்துல கேக்கணும், அந்தப் பதிலை நாடாளுமன்றத்துல வைக்கணும், மீன் சம்பந்தப்பட்டதுன்னா கடலோர மாநிலத்து ஆளு பேச்சுவார்த்தைக் குழுவுல உக்காரணும். வரிச் சண்டையால வேலை போனா அதுக்கான நிவாரணத்தை சுங்க வரி வாங்குறவுக குடுக்கணும், மாநிலத்து கஜானாவுல இருந்து இல்ல.

2025 ஜூலை 24ல இங்கிலாந்தோட ஒப்பந்தம் போட்டாக, இறாலுக்கெல்லாம் வரி போகுதுங்குறாக, நல்லதுதான். அது ஆந்திரா பண்ணை இறாலுக்குத்தான் அதிகம் உதவும்னு எனக்குத் தோணுது, எங்க நாட்டுப்படகுக்காரவுக கணவாய்க்கும் நண்டுக்கும் எவ்வளவு கெடைக்கும்னு யாராச்சும் மாவட்டத்துல கூட்டம் போட்டுச் சொன்னா நல்லா இருக்கும். தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரைனு மூணு எடத்துல வச்சாலே போதும், ஜனம் வரும்.

அமெரிக்கா வரி ஏறும் எறங்கும், அதோட இது முடியாது. ரெண்டாவது மனு அடிச்சுட்டேன். இந்தத் தடவை எம்எல்ஏவுக்கும் எம்பிக்கும் சேத்து, பெறுநர் ரெண்டு பேரு, மேல சொன்ன கோரிக்கை அதுல இருக்கு. நண்டு கம்பெனி, இறால் கம்பெனி வேலைக்குப் போற அக்கா தங்கச்சிக, நண்டு வலை போடுறவுக, ஞாயித்துக்கிழமை முதல் பூசை முடிஞ்சதும் சர்ச் வாசலுக்கு வாங்க, பள்ளிவாசல் தெரு ஆளுங்க சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வந்தாலும் நான் இருப்பேன். சித்தி இங்க் பேடு கொண்டு வருவாக, கையெழுத்துப் போடத் தெரியாதவுக ரேகை வைக்கலாம். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒன்னு எடுத்துட்டு வந்துருங்க, போன தடவை அது இல்லாம பாதிப் பேரு திரும்பிப் போயிட்டாக.