அந்தக் கறுப்பு மண்ணை விட்டுவிடுங்கள்

நன்றியறிதல் நாளை ஒட்டி வந்த மூன்று நாள் விடுமுறைக்கு, கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் பிராட்ஃபோர்ட் போயிருந்தோம். ஸ்காபரோவில் பல வருடம் எங்கள் எதிர்வீட்டில் இருந்த நண்பர் குடும்பம் இப்போது அங்கேதான் இருக்கிறது. வழி நெடுக மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. பிள்ளைகளுக்கு அது போதும். எனக்கோ, நெடுஞ்சாலை 400 மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிற அந்த ஒரு இடத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. இரு பக்கமும் கன்னங்கரிய மண், கோடு கிழித்தாற்போல் பாத்திகள், வாய்க்கால்கள். ஹொலண்ட் மார்ஷ். ரொறன்ரோவிலிருந்து ஐம்பது கிலோமீற்றர்கூட முழுதாக இராது. எத்தனையோ தடவை அதைக் கடந்து வடக்கே போயிருக்கிறேன். ஒரு தடவையும் இறங்கிப் பார்த்ததில்லை.

நான் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்தவன். அப்பா வெங்காயத் தோட்டம் செய்தார். எழுபதுகளில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறக்குமதித் தடை இருந்த காலத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு வந்தது. ஆகவே சனிக்கிழமை காலை, "வழமையாக வெங்காயம் வாங்கும் தோட்டத்துக்குப் போவோம், வாரும்" என்று நண்பர் அழைத்தபோது நான் தேநீரைக்கூட முடிக்கவில்லை.

தோட்டக்காரர் எழுபதைத் தாண்டியவர். 1934இல் இங்கே குடியேறிய ஒல்லாந்தக் குடும்பங்களில் ஒன்றின் பேரன். அதற்கு முன் இது வெறும் சதுப்பு நிலம். இருபதுகளின் நடுவில் தொடங்கி, சுற்றிவரக் கால்வாய் வெட்டி, அணை கட்டி, நீரை இறைத்து ஏறத்தாழ 7,000 ஏக்கரை வயலாக்கினார்கள். இன்றும் கால்வாய் நீர் மேலே நிற்க, தோட்டம் கீழே கிடக்கிறது. பம்புகள் நின்றால் தோட்டமும் நின்றுவிடும். 1954 அக்டோபரில் ஹேசல் சூறாவளி வந்தபோது முழுப் பள்ளமும், நெடுஞ்சாலை 400 உட்பட, நீருக்குள் போனது. வெங்காயம் மிதந்ததைத் தன் தந்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் என்றார். நீரை இறைத்து வெளியேற்றிவிட்டு மறு வருடமே விதைத்திருக்கிறார்கள்.

மண்ணை அள்ளிப் பார்த்தேன். கோப்பித்தூள் போல இலேசாக இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகொடிகள் நீருக்கடியில் மக்கிச் சேர்ந்த மண். காற்றுப் பட்டதும் மெல்ல மெல்லக் கரையத் தொடங்குகிறது; வருடாவருடம் நிலம் சிறிது தாழ்ந்துகொண்டே போகிறது. வசந்தத்தில் பெருங்காற்று அடித்தால் அள்ளிக்கொண்டும் போய்விடும். எனவேதான் அந்தப் பெரியவர் ஒவ்வொரு அறுவடைக்குப் பின்னும் மூடுபயிர் விதைக்கிறார். கரட் இன்னும் மண்ணுக்குள் இருந்தது. தோண்டும் இயந்திரத்தோடு நின்றவர்கள் யமேக்காவிலிருந்து வந்தவர்கள். 1966இல் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் திட்டத்தில் வருடத்துக்கு எட்டு மாதம் வரை வந்து போகிறவர்கள். நம் தட்டில் விழும் கரட்டில் இவர்களுடைய பிள்ளைகள் தகப்பனைக் காணாத மாதங்களும் இருக்கின்றன.

களஞ்சியத்துக்குள் போனோம். கூரை வரைக்கும் மரப்பெட்டிகள், அடியிலிருந்து காற்று ஊதிக்கொண்டிருந்தது. அந்த வாசனை! அப்பாவின் கொட்டிலில் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்ட விதை வெங்காயத்தின் அதே வாசனை. சிறிது நேரம் என்னால் பேச முடியவில்லை. நண்பர் புரிந்துகொண்டு வெளியே போய் நின்றார்.

இனி, நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

2016க்கும் 2021க்கும் இடையில் ஒன்ராறியோவில் நாளொன்றுக்கு 319 ஏக்கர் விளைநிலம் கைவிட்டுப் போனதாகக் குடிசன மதிப்பீட்டுக் கணக்கு காட்டுகிறது. விளைநிலத்தைக் காக்கவென்று 2005இல் உருவான கிரீன்பெல்ட் பாதுகாப்பு வலயத்திலிருந்தே 2022இல் மாகாண அரசு 7,400 ஏக்கரைப் பிரித்து வீடு கட்டக் கொடுத்தது. மக்கள் கொதித்தெழுந்த பிறகே 2023 செப்டம்பரில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. நெடுஞ்சாலை 400ஐயும் 404ஐயும் இணைக்க ஹொலண்ட் மார்ஷின் ஈரநிலத்தை ஊடறுத்துப் போகும் 16 கிலோமீற்றர் நெடுஞ்சாலைத் திட்டமோ கைவிடப்படவில்லை.

"வீடு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். வாடகை கட்டிக் களைத்த குடும்பங்களை நானும் அறிவேன். ஆனால் வீட்டுப் பஞ்சத்துக்கு நிலத் தட்டுப்பாடு காரணமில்லை என்று மாகாண அரசே அமைத்த பணிக்குழு 2022இல் அறிக்கை கொடுத்திருக்கிறது. தண்ணீர்க்குழாயும் பஸ்ஸும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த தெருக்களில் நாலு மாடி எழுப்பினால் எவ்வளவோ பேர் குடியிருக்கலாம். ஞாயிறு மாலை நண்பரே தன் ஜன்னலைக் காட்டி, "இந்தத் தெருவில் முன்பு சோளம் நின்றதாம், தெரியுமா?" என்றார். அவர் குரலில் பெருமை இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டிய பிறகுதான் அவர் வாங்கினார். எங்கே கட்டுவது என்று முடிவெடுத்த கூட்டத்தில் நம்மில் யார் போய் இருந்தோம்?

நமக்கு இது தெரியாத வலியா? என் அம்மாவின் ஊர் வலிகாமம் வடக்கில். 1990இல் போரால் விட்டுவிட்டு ஓடிய தோட்டத்தை எண்ணி, "மண் எப்படி இருக்கிறதோ" என்று அவர் இன்றைக்கும் கேட்கிறார். வீட்டைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. செம்மண்ணுக்காக இவ்வளவு அழுத நாம், இந்தக் கறுப்பு மண்ணின் விடயத்தில் வாங்குபவர்களாகவும் விற்றுக்கொடுப்பவர்களாகவும் மட்டும் இருந்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

2026 அக்டோபரில் நகரசபைத் தேர்தல். மார்க்கம் நகரிலோ பிராம்டனிலோ ஏஜெக்ஸிலோ, வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், நம் தமிழ் வேட்பாளர்களிடமும்தான், நகர எல்லையை விளைநிலத்துக்குள் தள்ளுவதற்குக் கை தூக்குவீர்களா என்று கேளுங்கள். நான் கேட்கப் போகிறேன்.

திரும்பும்போது பத்துக் கிலோ வெங்காயமும் ஒரு பை கரட்டும் கொண்டுவந்தோம். அம்மா கரட்டை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்து, அடுத்த முறை தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார்.