அலாரம் கத்துது, கள்ளனைக் காணோம்

நடுச்சாமத்தில் ஒழுங்கை முழுக்க எழும்பி நிற்கிறது, கள்ளனைத் தவிர. எங்கள் கார் அலாரம் திரும்பவும் கத்தியிருக்கிறது. றிமோட்டை அமத்தினால் நிற்கும். போய்ப் படுத்துக் கண்ணயர, திரும்பவும் கத்தத் தொடங்கும். முன்வீட்டு ஐயா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, உதை வித்துப்போட்டு ஒரு நாயை வளருமன். அது ஆள் வந்தால்தான் குலைக்கும்" என்கிறார். வித்துப்போட்டு வேறு எதை வாங்குவது? 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திறந்துவிட்டும், வரியோடு விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இருக்கிற பழசைத்தான் கட்டி அழவேண்டும்.

காரைக்கூட மன்னித்துவிடுவேன். இந்தக் கராஜ்காரரை மன்னிக்க மாட்டேன்.

முதலில் போன இடத்தில் பொனெற்றைக்கூடத் திறக்கவில்லை. "சென்சர் கூடிப்போச்சு அண்ணை" என்று டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு ஒரு சின்னத் திருகைக் குறைத்தான் பெடியன். அதிர்வு சென்சர்தான் பிழை என்றால் லொறி போகும்போது, இடி இடிக்கும்போது அல்லவா கத்தவேண்டும்? கோயில் வெடிக்கெல்லாம் சும்மா நின்ற கார், இலைகூட அசையாத சாமத்தில் ஏன் கத்துகிறது? யோசிக்க ஆளில்லை. இன்னும் குறை, இன்னும் குறை என்று இப்போது கண்ணாடியில் குத்தினாலும் அதற்கு உறைக்காது. தன்பாட்டுக்குக் கத்துவது மட்டும் குறையவில்லை.

அடுத்தவர் பற்றறியை மாற்றச் சொன்னார். பற்றறி இறங்கினால் சில அலாரம் குழம்பிக் கத்தும், உண்மைதான். அதற்கு மீற்றர் வைத்துப் பார்க்கவேண்டாமா? நான் கேட்டு வைப்பித்தேன்: 12.6 வோல்ட். முழுக்கச் சார்ஜ் ஏறிய பற்றறி காட்டுகிற அளவு. "அப்ப அலாரத்தையே மாத்துவம்" என்றார் அதே மூச்சில்! அந்த நேரம் பார்த்து அது கத்தத் தொடங்க, பற்றறி வயரைக் கழற்றினார். சைரனுக்குள் தனியாக ஒரு பற்றறி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. வயர் போனதும் அது இன்னும் உச்சத்தில் அலற, பக்கத்துக் கடைச் சனமெல்லாம் புதினம் பார்க்க வந்துவிட்டது.

கடைசியில் கண்டுபிடித்தது ஓட்டோ ஓட்டுகிற என் மச்சான். பொனெற்றைத் திறந்தார். ஓரத்தில் விரல் தடிப்பில் ஒரு சுவிச். பொனெற் மூடியிருந்தால் அதன் ஊசி அமுங்கியிருக்கும். திறந்தால் எழும்பி அலாரத்துக்குச் சொல்லும். யாழ்ப்பாணக் கரையோரக் குருநகரின் உப்புக்காற்றில் ஊசி முழுக்கத் துரு, ரப்பர் மூடி வெடித்துப் போயிருந்தது. சாமத்தில் பனி இறங்க ஈரம் உள்ளே போய், பொனெற்றை யாரோ திறந்த மாதிரி அலாரத்துக்குக் காட்டியிருக்கிறது. சுவிச் வயரைக் கழற்றி விட்டுப் பூட்டினோம். விடியும்வரை சத்தமில்லை. வேறென்ன சோதனை வேண்டும்?

பல அலாரங்களில், கத்தி முடித்தபின் பூட்டைத் திறக்கும்போது லைற் எத்தனை தரம் மின்னுகிறது என்பதை வைத்தே கதவா, பொனெற்றா, சென்சரா என்று பிடிக்கலாம். அதைப் பார்க்கத் தெரியாதவனுக்கு அலாரம் பூட்டுகிற வேலை எதற்கு?

புதுச் சுவிச்சின் விலை, அவர்கள் தலையில் கட்டப் பார்த்த அலாரத்தோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை. இனி அந்த சென்சரைப் பழைய அளவுக்குக் கூட்டவேண்டும். குறைத்தவனிடமே கேட்டேன். அதற்குத் தனிக் காசாம்!