தலையில் காகிதம் வைத்திருக்கும் அந்தப் பையனைப் பற்றி

எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் நேற்று இரவு வரைக்கும் இருந்தேன். பயிற்சி ஆசிரியையான நான் கணக்கு நடத்திய வகுப்பை யாரோ படம் எடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். அந்தப் படம் எல்லாருக்கும் வந்துவிட்டது, எல்லாரும் சிரித்தாகிவிட்டது, என்னைத் தெரிந்த நாலு பேர் "விடு, பயிற்சிக் காலம்தானே" என்று ஆறுதலும் சொல்லியாகிவிட்டது. இன்று காலையில் அதே படத்தை இன்னொருவர் எடுத்துப் போட்டு, "இப்போ இதுக்குப் பேரு செயல்வழிக் கற்றலாம்" என்று எழுதியிருக்கிறார். அந்தக் "கற்றலாம்" இருக்கிறதே, அதில் வரும் "ஆம்"தான் என்னைக் கிளப்பிவிட்டது.

வாசலில் நின்று எடுத்த படம் அது. எடுத்தவர் உள்ளே வரவில்லை, என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெஞ்செல்லாம் ஓரமாகக் கிடக்கிறது, பிள்ளைகள் தரையில் இருக்கிறார்கள், கரும்பலகையில் ஒரே ஒரு கணக்கு, நான் யாரோ ஒரு பிள்ளையின் பக்கத்தில் குனிந்திருக்கிறேன், நடுவில் ஒரு பையன் தலையில் காகிதத் துண்டோடு உட்கார்ந்திருக்கிறான். சிரிக்க இது போதுமே. பிள்ளைகளின் முகம் தெரிகிற படத்தை யாரைக் கேட்டுப் பரப்பினீர்கள் என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள் என்பீர்கள். சரி, மாற்றவில்லை.

கரும்பலகையில் இருந்த கணக்கு 1/2 + 1/3.

இதே கணக்கை முந்தின நாள் நீங்கள் விரும்புகிற மாதிரியே நடத்தினேன். பெஞ்சு வரிசையாக இருந்தது, சத்தமில்லை, சாக்பீஸ் தேய்கிற ஓசை மட்டும். மீச்சிறு பொது மடங்கு 6, மேலே 3, அப்புறம் 2, கூட்டினால் 5/6. "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது மிஸ்." எல்லா நோட்டிலும் 5/6. படம் எடுத்திருந்தால் அழகாக வந்திருக்கும். மறுநாள் காலை எண்களை மட்டும் மாற்றி இரண்டு கணக்கு கொடுத்தேன். பாதி வகுப்பு மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டி வைத்திருந்தது. அதாவது அவர்கள் கணக்குப்படி 1/2 + 1/3 என்றால் 2/5. முந்தின நாளும் அவர்கள் தலைக்குள் இருந்தது அந்த 2/5 தான். கரும்பலகையில் நான் எழுதிய 5/6 அதை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்குத்தான் காகிதம். மறுபடி சொல்கிறேன், அந்தக் காகிதம் பிள்ளைகளைக் குஷிப்படுத்த இல்லை. அவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும், அதற்கு.

இரண்டு பேருக்கு மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் 30 செ.மீ. ஒன்றைப் பாதியாக மடி, ஒன்றை மூன்றாக மடி, கிடைத்த இரண்டையும் முனையோடு முனை வை. 15-ம் 10-ம் சேர்ந்து 25. முழுத் துண்டை எட்ட இன்னும் 5 செ.மீ. மட்டும் பாக்கி. "சரி, 2/5னு சொன்னவங்க மூணாவது துண்டை அஞ்சா மடிச்சு அதுல ரெண்டை எடுங்க" என்றேன். 12 செ.மீ. வந்தது. ஒரு பெண் அதைப் பாதித் துண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மிஸ், பாதியோட இன்னொண்ணையும் சேத்தோம். அப்புறம் எப்படி மிஸ் பாதியை விடக் கொறஞ்சுது?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வகுப்பில் சத்தம் கிளம்பியது. "நீ தப்பா மடிச்சிருக்க", "இல்லடி, அளந்து பாரு", "மிஸ், இவ ஏமாத்துறா". அந்தச் சத்தம் கேட்டுத்தான் வாசலில் செல்போன் வந்து நின்றது.

செயல்வழிக் கற்றலை, அதாவது செய்து கற்றலைப் பற்றி எங்களுக்குப் பயிற்சியில் எப்படி நடத்தினார்கள் என்று தெரியுமா? நோட்டில் எழுதச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம். "அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1896ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வகப் பள்ளியைத் தொடங்கினார், முற்றுப்புள்ளி. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907ல் ரோமில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார், முற்றுப்புள்ளி, அடுத்த பத்தி." ஐம்பது பேர் தலை நிமிராமல் எழுதினோம். வகுப்புக் கட்டுப்பாடு பிரமாதம். அதே டூயி 1899ல் பேசும்போது ஒன்று சொல்லியிருக்கிறார். பள்ளிக்கு மேஜை நாற்காலி தேடிக் கடை கடையாக அலைந்தாராம். கடைசியில் ஒரு கடைக்காரர், பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேஜை நீங்கள் கேட்கிறீர்கள், எங்களிடம் இருப்பதெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கானவை என்றாராம். 1899. நான் பெஞ்சை ஓரமாகத் தள்ளினேன் என்பதற்குத்தான் இன்றைக்கு இத்தனை பேச்சு.

எங்கள் பக்கத்துப் பொய்யையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கண்மூடித்தனமாகப் பேசுகிறேன் என்பீர்கள். படித்தால் 10 சதவீதம், கேட்டால் 20, செய்தால் 90 சதவீதம் நினைவில் நிற்கும் என்று ஒரு கூம்புப் படம் எல்லாப் பயிற்சியிலும் வரும். எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946ல் போட்ட அந்தக் கூம்பில் சதவீதக் கணக்கே கிடையாது. பிற்பாடு வந்தவர்கள் ஒட்டவைத்த எண்கள் அவை. அதை மூன்று வண்ணத்தில் சார்ட்டில் வரைந்து நானும் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது படத்துக்கு வந்த ஆட்சேபங்கள்.

"இப்படி நடத்தினால் போர்ஷன் முடியாது." ஆமாம், முடியாது. இரண்டு பீரியட் போனது. ஒரே பீரியடில் முடித்த முந்தின நாள் பாடம் பாதி வகுப்புக்கு மேலே கூட்டு, கீழே கூட்டு என்பதாக முடிந்தது. அது முடித்த கணக்கில் சேருமா?

"ஆய்வுகளே நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதுதான் நல்லது என்கின்றன." இதைச் சொன்னவர் ஒருவர்தான் விஷயம் தெரிந்து சொன்னவர், மரியாதையாகவே பதில் சொல்கிறேன். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 2006ல் எழுதிய கட்டுரையைத்தான் அவர் சொல்கிறார். புதிதாகக் கற்கிறவர்களை "நீயே கண்டுபிடி" என்று விட்டுவிட்டால் ஒரே நேரத்தில் மனதில் நிறுத்த முடியாத அளவு சுமை ஏறி, எதுவும் பதியாது என்பது அவர்கள் வாதம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் எங்கே விட்டுவிட்டேன்? 30 செ.மீ. என்பது தற்செயலா? 2, 3, 5, 6 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும் என்பதால் முன்கூட்டியே உட்கார்ந்து தேர்ந்தெடுத்த நீளம் அது. எத்தனை துண்டு, எதை முதலில் மடிப்பது, 2/5-ஐ எப்போது எடுக்கச் சொல்வது, எல்லாம் பாடக்குறிப்பில் இருக்கிறது. அந்தக் குறிப்பை யாரும் படம் எடுக்கவில்லை.

"பொருளைக் கையில் கொடுத்தால் விளையாடத்தான் செய்வார்கள்." இதற்கு நான் வாயைத் திறக்கக் கூடாது. என் முதல் வாரத்தில் எண்ணிக் கூட்டுவதற்கு என்று கலர் கலராக மணிகள் கொண்டுபோனேன். இருபது நிமிடத்தில் நான்கு மாலை தயாராகிவிட்டது, அதில் ஒன்று எனக்கே. பொருள் அழகாக இருந்தால் கண் அதிலேயே நின்றுவிடுகிறது, கணக்குக்குப் போவதில்லை. அதனால்தான் அப்புறம் வெறும் வெள்ளைக் காகிதம். பொருளைத் தொட்டால் கருத்து விரல் வழியாகத் தானே ஏறிவிடும் என்று நானும் நம்பவில்லை. டெபோரா பால் என்ற கணிதக் கல்வியாளர் 1992லேயே இதைத்தான் சொன்னார்.

"எண்பது பிள்ளைகள் இருந்தால் என்ன செய்வாய்?" தெரியாது. என்னிடம் பதில் இல்லை.

"நாங்கள் எல்லாம் இப்படியா படித்தோம்?" இதுதான் எனக்கு வலித்தது. ஏனென்றால் நானும் அப்படிப் படித்தவள்தான். கணக்கில் எப்போதும் முதல் வரிசை மதிப்பெண். பின்ன வகுத்தலா, இரண்டாவதைத் திருப்பிப் போட்டுப் பெருக்கு, தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வேன். பயிற்சிக்குப் போன மூன்றாம் நாள் கடைசி வரிசையில் இருந்து ஒரு குரல்: "ஏன் மிஸ் திருப்பணும்?" எனக்கு வேர்த்துவிட்டது. "அது அப்படித்தான், ரூல்" என்றேன். எனக்குச் சொல்லப்பட்டதும் அதே பதில்தான். அந்தப் பிள்ளை உடனே தலையைக் குனிந்துகொண்டது, மறுபடி கை தூக்கவே இல்லை. அன்று இரவு கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் காகிதம் மடித்தேன். 3-ஐ 1/4-ஆல் வகு என்றால் மூன்று முழுத் துண்டுகளில் எத்தனை கால் துண்டுகள் இருக்கின்றன என்று கேட்கிறோம். ஒரு துண்டில் நாலு, மூன்றில் பன்னிரண்டு. அதனால்தான் நாலால் பெருக்குகிறோம். இவ்வளவுதானா! பட்டம் வாங்கியவள், இத்தனை வருஷம் நூற்றுக்கு நூறு, இது தெரியாமல். அழுகையே வந்தது. நன்றாகப் புரிந்தது என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பே ஏமாற்றும். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்து 2019ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தாங்களே கலந்து பேசிச் செய்து பார்த்த வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக அவர்களுக்குத் தோன்றியது. சரளமான விரிவுரை கேட்டவர்களுக்கு நிறையக் கற்றதாகத் தோன்றியது. உள்ளே உட்கார்ந்திருக்கும் மாணவருக்கே தெரியாதது, வாசலில் நின்று போன் தூக்கியவருக்குத் தெரிந்துவிட்டதா?

சரி, கோபப்படக் கூடாது என்று நினைத்தேன், பட்டுவிட்டேன். பயிற்சி ஆசிரியை என்றால் யாருக்கும் இளக்காரம். லீவு போட்டவர் வகுப்பைப் பார்த்துக்கொள், சார்ட் ஒட்டு, விழா வந்தால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்து. உட்கார நாற்காலி கிடையாது. இதெல்லாம் செய்யும்போது ஒருவரும் படம் எடுக்கவில்லை. அன்றைய உற்றுநோக்கல் குறிப்பேட்டில் எனக்கு வந்த வரி: "வகுப்புக் கட்டுப்பாட்டில் கவனம் தேவை." பின்னத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கணக்குப் பாடத்தைப் பார்க்க வந்தவர் எழுதியது இது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், வேறென்ன செய்ய.

எல்லாரும் வட்டம் போட்டுச் சிரித்த அந்தப் பையனுக்கு வருகிறேன். தலையில் ஏன் காகிதம் வைத்திருந்தாய் என்று அப்புறம் கேட்டேன். "ரெண்டு கையும் வேலையா இருந்துச்சு மிஸ். கீழ வெச்சா ஃபேன்ல பறந்துடும்." தலையில் இருந்தது அந்த மிச்சம் 5 செ.மீ. அளவுக்குக் கிழித்த துண்டு. நான் சொல்லித் தரவில்லை, பாடக்குறிப்பிலும் இல்லை, முழுத் துண்டில் அது எத்தனை தடவை போகிறது என்று அவனாகவே அளந்து பார்த்திருக்கிறான். ஆறு தடவை. அப்படியானால் ஆறில் ஒன்றுதான் மிச்சம், அப்படியானால் கூட்டினது ஆறில் அஞ்சு. மீச்சிறு பொது மடங்கு என்ற சொல் அவன் வாயில் நுழையாது. அன்று காலை மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டி வைத்தவர்களில் அவனும் ஒருவன்.

கமெண்டில் மறுபடியும் "டிசிப்ளின்" என்று வரப்போகிறவர்கள் தாராளமாக வாருங்கள். வரும்முன் ஒரு காகிதத் துண்டை எடுத்துச் சரியாக மூன்றாக மடித்துவிட்டு வாருங்கள். ஸ்கேல் தொடக் கூடாது. சத்தமும் போடக் கூடாது.