கொலையாளியே வந்து கதையை முடித்துவைத்தால் எப்படி?

போலீஸ் அல்லாத சாதாரண ஆள் ஒருவர் கொலையைத் துப்பறியும் கோஸி மிஸ்டரி நாவல்களைப் பொழுதுபோகாதவர்கள் படிப்பது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ரத்தம் தெறிக்காது, ஊரும் சின்னது, துப்பறிகிறவர் நூலகராகவோ ஓய்வுபெற்ற ஆசிரியையாகவோ இருப்பார், இதில் என்ன விறுவிறுப்பு என்பார்கள். என்னைக் கேட்டால், துப்பறியும் கதைகளில் எழுதக் கஷ்டமானதே இதுதான்.

போலீஸ் என்றால் கைரேகை, தொலைபேசிப் பதிவு, பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் மேஜைக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு அதெல்லாம் கிடையாது. "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று யார் வேண்டுமானாலும் முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்தலாம். பேச்சுக் கொடுக்கத் தெரியும், மனிதர்களைக் கவனிக்கத் தெரியும், அவ்வளவுதான். உதாரணத்துக்கு, இறந்துபோனவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஒரு வரிகூட எழுதாதவர். அவருடைய கடைசிக் கடிதம் கீழே மேஜைமேல் கிடக்கிறது. கண்ணாடி மாடியில், உறைக்குள். போலீஸ் பட்டியலில் இரண்டும் தனித்தனிப் பொருட்கள். பழகியவருக்குத்தான் எங்கேயோ இடிக்கும். அந்தக் கண்ணாடிப் பழக்கத்தை முன்பே எங்கள் காதில் போட்டுவைத்திருந்தால், வாசகருக்கும் இடித்திருக்க வேண்டும். அந்தப் போட்டிக்காகத்தான் படிக்கிறேன்.

1930-இல் முதன்முதலாக நாவலுக்குள் வந்த, அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிள் என்ற வயதான பெண்மணியை இன்றைக்கும் இதில் மிஞ்ச ஆளில்லை. சந்தேகத்துக்குரிய ஆளைப் பார்த்தால், செயின்ட் மேரி மீட் கிராமத்தில் தனக்குத் தெரிந்த யாரோ ஒருவர் அவருக்கு ஞாபகம் வருவார். அந்த இழையைப் பிடித்துக்கொண்டே போவார். கேட்கிறவர்களுக்கு ஊர்வம்பாகத் தெரியும்.

எனக்குக் கோபம் வருவது சோம்பேறித்தனமாக எழுதப்பட்டவற்றின் மேல். போலீஸில் இருக்கும் காதலர் விசாரணை விவரம் முழுவதையும் ஒப்பித்துவிட்டுப் போவார். நாயகி ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு, எல்லாம் தப்பாகி, கடைசியில் கொலையாளியிடம் தனியாகப் போய் மாட்டிக்கொள்வார். அந்த ஆளும் துப்பாக்கியை நீட்டியபடி பக்கம் பக்கமாக விளக்கம் சொல்வார். அப்புறம் இவர் எதைத் துப்பறிந்தார்? தற்செயல் எதுவும் துப்பறிகிறவருக்குக் கைகொடுக்கக் கூடாது, கிடைத்த தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்று 1929-லேயே துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் தன் பத்து விதிகளில் எழுதிவைத்துவிட்டார்.

இன்னொன்று, செத்தவருக்காக யாராவது அழ வேண்டும். மூன்றாம் அத்தியாயத்திலேயே எல்லோரும் பிணத்தை மறந்துவிட்டுத் திருவிழா ஏற்பாட்டில் இறங்கிவிட்டால் எனக்கு மனசு ஒட்டுவதில்லை. ரத்தத்தைக் காட்ட வேண்டாம், சரி. துக்கத்தையுமா ஒளித்துவைப்பது?

ஊரும் ஆட்களும் மனசில் நின்றுவிட்டால், முடிச்சு கொஞ்சம் லேசாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்த முடிச்சைக் கொலையாளியே அவிழ்த்துக் காட்டினால், அந்தத் தொடரில் அடுத்த புத்தகத்தைக் கையால் தொடமாட்டேன்.